போஸ்ட்கிரெஸ் லாக்: காத்திருக்கும் ஆல்டர் டேபிளும் மற்றவர்களைத் தடுக்கும்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குப் புதிய ஃபீல்டு சேர்ப்பது மில்லிசெகண்டு வேலை. 11-ஆம் பதிப்பிலிருந்து, மாறாத டீஃபால்ட் மதிப்போடு சேர்த்தால்கூட டேபிள் திருப்பி எழுதப்படுவதில்லை. அதை நம்பி ஒரு நாள் வேலை நேரத்திலேயே, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை ஓட்டினேன். மொத்த அப்ளிகேஷனும் நின்றுபோனது.

யாரோ ரிப்போர்ட்டுக்காக ஒரு நீண்ட செலக்ட்டை, அதாவது டேட்டாவைப் படிக்கும் கட்டளையை, ஓட்டிக்கொண்டிருந்தார். செலக்ட்டும் டேபிள்மேல் லாக் (பூட்டு) எடுக்கும்; அதோடு ஒத்துப்போகாத லாக்கைக் கேட்பவர் அது விடுபடும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பெயர் அக்சஸ் ஷேர், எட்டு வகை டேபிள் லாக்குகளில் மிக லேசானது. ஆல்டர் டேபிளுக்குப் பெரும்பாலும் வேண்டியது அக்சஸ் எக்ஸ்க்ளூசிவ். அது வேறு எதனோடும் ஒத்துப்போகாது. அதனால் என் ஆல்டர் காத்திருந்தது. அதற்குப் பிறகு வந்த செலக்ட்டுகளுக்கு அந்த ரிப்போர்ட்டோடு மோதல் இல்லைதான். ஆனால் வரிசையில் முன்னால் நிற்கும் என் ஆல்டரோடு மோதுமே! எல்லாம் அதன் பின்னால் நின்றன. லாக் கைக்கு வராமலேயே எல்லோரையும் தடுத்துவிட்டேன். கனெக்ஷன் வரம்பு, வழக்கமான 100, சீக்கிரமே நிரம்பியது.

லாக்குக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் லாக்_டைம்அவுட்டை வைக்காததுதான் என் தவறு. அதன் டீஃபால்ட் 0, அதாவது முடிவில்லாமல் காத்திருக்கும். இப்போதெல்லாம் ஆல்டருக்கு முன்னால் அதை இரண்டு விநாடி என்று வைக்கிறேன். கிடைக்காவிட்டால் விலகி, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வேன்.

அடுத்த தவறு, கியூரி முடிந்ததும் லாக் விடுபடும் என்று நினைப்பது. ட்ரான்சாக்ஷன் (மொத்தமாக நிறைவேறும் அல்லது மொத்தமாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) கமிட்டோ (உறுதி) ரோல்பேக்கோ (ரத்து) ஆகும்வரை அது கையில்தான் இருக்கும். ஒரு பதிவை அப்டேட் செய்துவிட்டு, அதே ட்ரான்சாக்ஷனுக்குள் வெளிச் சேவை ஒன்றின் ஏபிஐயைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கோடை நிறையப் பார்க்கிறேன். அந்த ஏபிஐ முப்பது விநாடி தாமதித்தால், அந்தப் பதிவை மாற்ற வருகிற எல்லோரும் முப்பது விநாடி நிற்க வேண்டும். ஏபிஐ வேலையை ட்ரான்சாக்ஷனுக்கு வெளியே எடுங்கள்.

இரண்டு ட்ரான்சாக்ஷன்கள் ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்து நின்றுவிடுவதே டெட்லாக். அது வந்தால் சிலர் டெட்லாக்_டைம்அவுட்டைக் குறைக்கிறார்கள். அதன் டீஃபால்ட்டான 1 விநாடி, டெட்லாக் இருக்கிறதா என்ற சோதனையை எப்போது தொடங்குவது என்பதற்கான நேரம் மட்டுமே. குறைத்தால் டெட்லாக் குறையாது, சோதனைச் செலவுதான் கூடும். பல பதிவுகளை மாற்றும்போது எப்போதும் ஒரே ஒழுங்கில், உதாரணமாக ஐடி ஏறுவரிசையில், லாக் எடுங்கள். அப்புறமும் வந்தால் ட்ரான்சாக்ஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் இங்கே ஒரு பொறி உண்டு. டெட்லாக் என்றால் முழு ட்ரான்சாக்ஷனும் ரோல்பேக் ஆகும். ஆனால் 50 விநாடி லாக் காத்திருப்பு முடிந்து பிழை வந்தால், டீஃபால்ட்டாக அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும். பிழையை விழுங்கிவிட்டு கமிட் செய்தால் பாதி வேலை பதிவாகிவிடும். சத்தமே இல்லாமல் டேட்டா கெடுவது இப்படித்தான்.

சிக்கிய கனெக்ஷனை கில் -9 (புராசஸை அந்தக் கணமே கொல்லும் கட்டளை) கொடுத்துக் கொல்லவே கூடாது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி புராசஸ்; எல்லாம் ஒரே ஷேர்டு மெமரியைப் பகிர்கின்றன. ஒன்று திடீரென்று செத்தால், அது அந்த மெமரியைப் பாதி எழுதிய நிலையில் விட்டிருக்கலாம். எனவே தலைமை புராசஸ் மற்ற எல்லாக் கனெக்ஷன்களையும் துண்டித்து க்ராஷ் ரெக்கவரியில், அதாவது டேட்டாவைச் சரியான நிலைக்கு மீட்கும் வேலையில், இறங்கும். முதலில் ஓடும் கியூரியை நிறுத்தும் பிஜி_கேன்சல்_பேக்எண்டு, அதற்கும் மசியாவிட்டால் கனெக்ஷனையே முடிக்கும் பிஜி_டெர்மினேட்_பேக்எண்டு.

கடைசியாக நோட்டிஃபை, அதாவது லிசன் கட்டளை கொடுத்துக் காத்திருக்கும் கனெக்ஷன்களுக்குச் செய்தி அனுப்பும் கட்டளை. அதை நம்பகமான மெசேஜ் கியூ போலப் பயன்படுத்துகிறார்கள். கமிட் ஆன பிறகே அது போய்ச் சேரும். அந்த நேரத்தில் லிசன் செய்துகொண்டிருக்காதவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. வழக்கமான அமைப்பில் செய்தியும் 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். வேலையை ஒரு டேபிளில் எழுதிவைத்து, நோட்டிஃபையில் ஐடியை மட்டும் அனுப்புங்கள். கனெக்ஷன் அறுந்து மீண்டும் இணைந்தால், முதலில் லிசன் சொல்லிவிட்டு, அப்புறம் அந்த டேபிளில் முடியாத வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.