மழை நேரத்தை வைத்து ஆட்டுக்கொட்டகை வேலையை அடுக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அன்றைய வேலை முழுவதையும் அதை வைத்துத்தான் அடுக்க வேண்டும். மழையில் நனைந்த ஆடு மறுநாள் காய்ந்துவிடும். ஈரப் புல்லும் ஈரப் பரணும் (ஆடு நிற்கும் உயர்த்திய பலகைத் தளம்) ஊறிய குளம்பும்தான் ஒரு வாரம் கழித்துத் தொல்லை கொடுக்கும்.

காலையில் கொட்டகையைத் திறந்த கையோடு ஆட்டை ஓட்டாதீர்கள். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவின் முட்டை புழுக்கையோடு விழுந்து, நம் ஊர் சூட்டிலும் ஈரத்திலும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் நோய் தரும் குஞ்சாகிவிடும். புல்லில் ஒட்டியிருக்கும் நீரைப் பிடித்துத்தான் அது மேலே ஏறும். உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. பெரும்பாலும் பத்து மணி ஆகும். இரண்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரே இடத்தில் நான்கு நாளுக்கு மேல் மேய்க்காமல், ஐந்து வாரம் கழித்து அங்கே திரும்பினால் குஞ்சுப்புழு பெரும்பாலும் செத்திருக்கும்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் மேய்ப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. இரண்டு நாள் வெயில் அடித்தால் நீங்கள் மேய்க்கக் கிளம்புவீர்கள்; களைக்கொல்லி அடிக்கும் ஆட்களும் அதே நாளில்தான் கிளம்புவார்கள். மருந்து அடித்த மறுநாளும் புல் பச்சையாகவே இருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாள் சாயங்காலமே தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தாலோ தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினாலோ அந்த ஆட்டுக்கு உடனே புழு மருந்து வேண்டும். எல்லா ஆட்டுக்கும் மாதா மாதம் ஊற்றுவது தப்பு. மருந்துக்கு அடங்காத புழுவை நாமே வளர்த்துவிடுகிறோம். எடை போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவைக் கொடுங்கள். ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கக் கூடாது, மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். தீபாவளி விற்பனை இதே மழை மாதங்களில்தான் வருகிறது. மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று பாட்டிலில் போட்டிருக்கும், எண்ணிக்கொள்ளுங்கள்.

நேப்பியர் புல்லைப் பனி காய்ந்த பிறகு வெட்டி, ஜிங்க் கூரைக்கு அடியில் பரப்பி நான்கைந்து மணி நேரம் வாட விடுங்கள். இளம் ஈரப் புல்லை அப்படியே போட்டால் வயிறு உப்பும், கழிச்சலும் வரும். குவித்து வைக்கவும் கூடாது. குவியலுக்குள் கையை விடுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் புல் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். செம்பனைப் புண்ணாக்கு மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பூஞ்சை வாடை வந்த மூட்டையை வெயிலில் காய வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வாடை போகும், நஞ்சு போகாது.

பரண் பலகைகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். இரண்டைத் தாண்டினால் குட்டியின் கால் மாட்டும். மழை நாளில் பரணைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் சுரண்டிப் பெருக்குங்கள், பலகை காயவே காயாது. சாரல் அடிக்கும் பக்கம் ஆட்டின் முதுகு உயரத்துக்கு மட்டும் கான்வாஸ் கட்டி, மேலே காற்றுக்கு விடுங்கள். முழுவதும் மூடினால் மூத்திர நெடி உள்ளேயே தங்கிச் சளியில் கொண்டுபோய் விடும். குட்டி படுக்கும் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் கான்வாஸின் மேல் விளிம்பை இறக்கிக் காற்று விடுங்கள், அடியில் கிடக்கும் புழுக்கையை அன்றே வாருங்கள்.

குளம்பு ஊறி மெத்தென்று இருப்பதால் சீவுவதற்கு மழைக்காலம்தான் வசதி. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். குளம்பின் இடுக்கில் நாற்றம் இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து, அதில் ஆட்டை ஐந்து நிமிடம் நிற்க வைத்து, பிறகு உலர்ந்த இடத்தில் விடுங்கள். சேற்றுக்குள் திரும்ப விட்டால் மருந்து வீண்.

சேற்றில் இறங்கும் நீங்களும் பூட்ஸ், கையுறை போடுங்கள். மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி இந்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆட்டுக்கும் வரும், மனிதருக்கும் வரும். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

மழை இரவில் ஆடு குட்டி போட்டால் சாக்கால் தேய்த்து உலர்த்தி, தொப்புளை அயோடினில் நனைத்து, குட்டியின் வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் சூடாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். சில்லென்று இருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்குங்கள், பால் அப்புறம்தான்.