விரிசல் விட்ட உத்திரம் எவ்வளவு தாங்கும்? முதல் நேரிலாக் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்து மண்டபத்தின் உத்திரத்தில் மயிரிழை விரிசல்கள் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும் பாலிடெக்னிக் பிள்ளைகள், “அண்ணே, விழுந்துவிடுமா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

படி 1: கணினியைத் தொடாதீர்கள். தாளை எடுங்கள். உத்திரம் 200 × 400 மி.மீ., நீளம் 4 மீட்டர், அடியில் 16 மி.மீ. கம்பி இரண்டு, மேல்விளிம்பிலிருந்து 360 மி.மீ. ஆழத்தில். கான்கிரீட்டின் அழுத்த வலிமை 25 மெகாபாஸ்கல், கம்பி இளகும் (நிரந்தரமாக நீளத் தொடங்கும்) வலிமை 500. கான்கிரீட்டின் இழுவலிமை சுமார் 2.6தான். உத்திரத்தின் சொந்த எடையை விட்டுவிட்டு, நடுவில் சுமை ஏற்றினால் ஏறத்தாழ 14 கிலோநியூட்டனில் விரிசல் விழும். கம்பி இளகுவதோ 67 அருகில். விரிசல் விழுந்த பிறகுதான் கம்பி முழுமூச்சாக உழைக்கிறது. விறைப்பு கடைசிவரை மாறாது என்று கொள்ளும் நேரியல் கணக்கு இதைக் காட்டாது; அதனால்தான் நேரிலாக் கணக்கு.

படி 2: பெர்க்லியில் உருவான ஓப்பன்சீஸ் (OpenSees) என்னும் கட்டமைப்புக் கணக்கு மென்பொருளில் குறுக்குவெட்டை 10 மி.மீ. இழைகளாகப் பிரியுங்கள். கான்கிரீட்டுக்கு ‘கான்கிரீட்02’ (Concrete02) என்ற பொருள் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்; ‘கான்கிரீட்01’க்கு இழுவலிமையே கிடையாது. அழுத்த எண்களுக்குக் கழித்தல் குறி இடுங்கள். எல்லாமே நியூட்டன், மில்லிமீட்டரில் இருக்கட்டும்.

படி 3: தாங்கிகள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு முனை கீல் (திரும்பும், நகராது), மறுமுனை உருளை (திரும்பும், நீளவாக்கில் நகரவும் செய்யும்). சென்ற மாதம் ஒரு மாணவி இரு முனைகளையும் கீலாக்கிக்கொண்டு வந்தாள். விடை 67ஐ வெகுவாகத் தாண்டியது. விரிசல் விட்ட உத்திரத்தின் நடு அச்சு நீளப் பார்க்கும். இரண்டு கீல்களும் அதைத் தடுக்க, உள்ளே அழுத்தவிசை பிறந்து, இல்லாத வலிமையைக் காட்டுகிறது. ஒரு முனையை விடுவித்ததும் எண் கைக்கணக்கோடு ஒத்துப்போனது. அவள் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன்.

படி 4: சுமையை ஏற்றாதீர்கள், நடுக்கணுவை (மாதிரியின் நடுப்புள்ளியை) 0.1 மி.மீ. வீதம் 25 மி.மீ. வரை கீழே தள்ளுங்கள். 12 மி.மீ. அருகே, சுமைக்கும் இறக்கத்துக்குமான வரைகோடு வளைந்து படுக்கும். இடையில் கணக்கு நின்றால் ஒவ்வொரு தள்ளலின் அளவையும் சிறிதாக்குங்கள். பிழை வரம்பைத் தளர்த்தாதீர்கள்.

இந்தக் கணினி மாதிரி, உத்திரம் வளைவதை மட்டுமே அறியும்; குறுக்கே அறுக்கும் வெட்டு விசையால் வரும் முறிவை அறியாது. எங்கள் மண்டபத்து விரிசல்கள் நடுவில், செங்குத்தாக நிற்கின்றன. உங்கள் ஊரில் தாங்கியருகே சாய்ந்த விரிசல் கண்டால், அது வெட்டு விசையின் வேலையாக இருக்கலாம்; மடிக்கணினியை மூடிவிட்டு உடனே பொறியாளரை அழையுங்கள்.