ஒரே இனமா, வேறு இனமா? கலப்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எப்படி

உருவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், முதல் வேலை அதுதான். சிப்பிப்பாறை நாயையும் தெருவில் திரியும் குட்டை நாயையும் பக்கத்தில் நிறுத்தினால் ஏதோ இரண்டு ஜாதி விலங்கு மாதிரி இருக்கும், ஆனால் சேர்ந்தால் குட்டி போடும், அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போடும், அதனால் இரண்டும் ஒரே சிற்றினம் (ஆங்கிலத்தில் species). அதே தெருவில் காக்கையும் அண்டங்காக்கையும் ஒரே சோற்றுக்கு வந்து உட்காரும். நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கூடு கட்டும்போது அதது தன் ஆளைத்தான் தேடிப் போகும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'எப்படி இருக்கிறது' என்பதல்ல, 'கலப்பு எந்தப் படியில் நிற்கிறது' என்பது. இப்படி நிறுத்தும் தடைகளைத் தொகுத்து 1937-லேயே எழுதியவர் மரபியல் அறிஞர் டோப்ஜான்ஸ்கி. 1942-ல் உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் மேயர் அதையே சிற்றினத்துக்கு இலக்கணமாக வைத்தார்.

செய்முறை எளிது. ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேளுங்கள்: இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, ஒரே பருவத்தில் இனம் சேருகின்றனவா, ஒன்றை ஒன்று ஏற்றுக்கொள்கின்றனவா, சேர்ந்தால் கரு பிடிக்கிறதா, பிடித்த கரு நிற்கிறதா, பிறந்ததற்குப் பிள்ளை உண்டா. எந்தக் கேள்விக்கு முதலில் 'இல்லை' வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள், ஏனென்றால் இயற்கையில் ஒரே ஒரு தடையை நம்பி எந்த இனமும் தனித்து நிற்பது அபூர்வம்.

பழகுவதற்கு ஆட்டுக் கிடையைவிட நல்ல இடம் இல்லை. அறுப்பு முடிந்த வயலில் செம்மறியும் வெள்ளாடும் கலந்து கிடை போட்டிருக்கும். ஒரே மேய்ச்சல், ஒரே தண்ணீர், ராத்திரி ஒரே பட்டி, அதனால் முதல் இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்'. அப்புறம் கிடைக்கார அண்ணாச்சியிடம் கேளுங்கள், செம்மறிக் கிடா வெள்ளாட்டைத் தொடுமா என்று. எப்போதாவது தொடும், பெரும்பாலும் தன் இனத்துப் பெட்டையின் வாடையைத்தான் தேடிப் போகும் என்பார். தப்பித் தவறிச் சேர்ந்தாலும் சினை பிடிப்பது அரிது, பிடித்தாலும் நிற்காது, இரண்டு மாதம் வாக்கில் கலைந்துவிடும். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம் வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54. ஆனால் அந்த எண்ணிக்கை வித்தியாசம் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். தாயின் உடல் அந்தக் கருவை அந்நியமாகப் பார்ப்பதும் சேர்ந்துதான் அது கலைகிறது. மறுபக்கம், கன்னி ஆட்டையும் கொடி ஆட்டையும் சேர்த்துவிட்டால் குட்டி, குட்டிக்குக் குட்டி என்று தடையே இல்லாமல் போகும், அவை ஒரே சிற்றினத்தின் இரண்டு ரகம். கோவேறு கழுதை வேறு வகை: குதிரைக்கு 64, கழுதைக்கு 62, நடுவில் பிறந்ததற்கு 63. உடம்பில் ஒரு குறையும் இல்லை, பாரம் சுமக்கும், ஆனால் அதற்கு வாரிசு இல்லை.

ஐப்பசி மழை பெய்த முதல் ராத்திரி குளத்தங்கரைக்குப் போங்கள், கைபேசியிலேயே குரலைப் பதிந்துகொள்ளுங்கள். ஒரே தண்ணீரில் நாலைந்து வகைத் தவளை கத்தும், காதுக்கு ஒரே இரைச்சல். ஒவ்வொரு குரலையும் பிரித்துக் கேட்டால் சுருதியும், ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதும் வகைக்கு வகை மாறுவது தெரியும். கத்துவது ஆண், தேர்ந்தெடுப்பது பெண், அவள் தன் இனத்துக் குரலை நோக்கித்தான் நீந்துவாள். இருட்டில் உருவம் எதற்கு உதவும்? சில ஆண் தேரைகள் அவசரத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள், தடை எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது.

குளத்தங்கரையிலேயே ஆலும் அரசும் நிற்கும். இரண்டும் அத்திக் குடும்பம், பக்கத்துப் பக்கத்தில் நின்றும் கலப்பதில்லை. நிறம் மாறத் தொடங்கும் ஆலங்காயைப் பிட்டுப் பாருங்கள், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும். பூக்கள் உள்ளேதான் இருக்கின்றன, காயின் நுனித் துவாரம் வழியாக நுழையும் பெண் குளவி அந்த நெருக்கலில் சிறகையே இழந்துவிடும். ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு குளவி, அதது தன் மரத்தின் வாசனையைப் பிடித்துத்தான் வரும். மகரந்தம் மாறிப் போக வழியே இல்லை என்னும் அளவுக்கு இது கெட்டியான தடை.

சரி, கையால் செய்து பார்க்க வேண்டுமென்றால் பருத்திதான். விலங்குகளை வலுக்கட்டாயமாகச் சேர்த்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். பழைய நெல்லைச் சீமையின் கரிசலில் விளைந்தது கருங்கண்ணி: இலை ஆழமாகப் பிளந்திருக்கும், மஞ்சள் பூ, இதழடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. அமெரிக்க வகையான கம்போடியாப் பருத்திக்கு இலை அகலம், பூ வெளிறிய வெண்மை. பக்கத்துப் பக்கத்தில் விதையுங்கள். மறுநாள் மலரப் போகும் கருங்கண்ணி மொட்டைச் சாயங்காலமே பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டுக் காகித உறை போட்டு மூடுங்கள், காலையில் கம்போடியாப் பூவின் மகரந்தத்தை, மகரந்தம் ஏற்கும் நுனியான சூல்முடியில் தடவி, மறுபடி மூடி, அட்டை கட்டுங்கள். இதே கையால் இன்னொரு கருங்கண்ணிப் பூவுக்கு வேறொரு கருங்கண்ணிச் செடியின் மகரந்தத்தைத் தடவ மறக்கக் கூடாது. இந்தக் கருங்கண்ணிப் பூ காய்த்து, கலப்புப் பூ உதிர்ந்தால்தான் குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை என்று சொல்ல முடியும். நிறையப் பேர் விடுவது இந்தப் படியைத்தான்.

பெரும்பாலும் கலப்புக் காய் சில நாளிலேயே உதிரும். தப்பிய விதை முளைத்தால் செடி செழிப்பாகவே வரும், பூக்கும், ஆனால் காய்க்காது. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், கம்போடியாவுக்கு 52, பாதிப் பாதி சேர்ந்தால் 39. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும், இங்கே 13 குரோமோசோமுக்கு ஜோடி இல்லை, கணக்கு சிதறிவிடுகிறது.

இந்த 52 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில், கருங்கண்ணிக்கு உறவான 26 கொண்ட ஒரு பருத்தியும், அந்த மண்ணின் 26 கொண்ட இன்னொரு பருத்தியும் கலந்தன. பிறந்த கலப்பு மலடாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் குரோமோசோம் தொகுதி முழுதும் இரட்டித்து 52 ஆனபோது ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்து, விதை வந்தது. அப்படி இரட்டித்த செடி பெற்றவர் இருவரோடும் கலந்தால் மலடு, தனக்குள் கலந்தால் வளம். மலையும் கடலும் குறுக்கே வராமலே, ஓரிரு தலைமுறையில், இனப்பெருக்கத் தடையும் புதிய இனத்தின் தொடக்கமும் ஒன்றாக வந்துவிட்டன.

இடத் தடை இதற்கு நேர்மாறு, மெதுவாக வேலை செய்யும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் போகிறதே, அந்தக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தாழ்ந்த இடைவெளி. உச்சிச் சோலைக்காட்டின் குளிரிலேயே வாழும் சிறு பறவைக்கு அந்த வெக்கையான தாழ்வு கடக்க முடியாத ஊர். சிரிப்பான் என்னும் பறவையில், கணவாய்க்கு வடக்கே பழனி மலைப் பக்கத்துச் சிரிப்பான் ஒன்று, தெற்கே நம் அகத்தியமலைப் பக்கத்துச் சிரிப்பான் இன்னொன்று. சோலைக்கிளி என்னும் நீலப் பறவையிலும் இதே கதை, 2017-ல் வி. வி. ராபினும் குழுவினரும் தெற்கிலுள்ளதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார்கள். இங்கே நம் கேள்விப் பட்டியல் முதல் படியிலேயே நின்றுவிடும், சந்திக்காதவை சேருமா என்று யாரும் பார்க்க முடியாது. அதனால் மரபணு, பாட்டு, இறகின் நிறம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

இடைவெளி மட்டும் தடையாக இருந்தால் அதை நம்ப முடியாது. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியாப் பக்கம் வளர்ப்பிலிருந்து வெளியேறிய அதே நாரை அங்கத்திய பால் நாரையோடு கலந்து குஞ்சு பொரிக்கிறது, அருகிவரும் பால் நாரைக்கு அது ஆபத்தாகவே ஆகிவிட்டது. பிரிந்த கூட்டங்கள் மறுபடி சந்திக்கும்போது மூன்றில் ஒன்று நடக்கலாம்: கரைந்து ஒன்றாகிவிடும், அல்லது எல்லையில் ஒரு கலப்புப் பகுதி நிலைத்துவிடும், அல்லது கலப்புக் குஞ்சு நலிந்து போவதால் தன் இனத்தையே தேர்ந்தெடுத்தவற்றின் வாரிசு பெருகி, தேர்வு தலைமுறைக்குத் தலைமுறை கறாராகும். மூன்றாவதில்தான் இடம் போட்ட தடையை நடத்தை கையில் எடுத்துக்கொள்கிறது.

நெல்லை மாவட்டத்து மாஞ்சோலை மலைக்கு மேலே போய்ப் பறவைப் பாட்டைப் பதிய நினைத்தால் வனத்துறை அனுமதி முதலில், இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பதிந்த பாட்டைக் கூடு கட்டும் காலத்தில் அங்கேயே திருப்பிப் போடாதீர்கள், எதிரி வந்துவிட்டான் என்று பறவை கூட்டை விட்டு அலையும். தேதி, நேரம், இடத்தின் உயரம், பக்கத்தில் கத்திய வேறு பறவைகள், இவ்வளவும் ஒவ்வொரு பதிவோடும் எழுதிவையுங்கள்.