யாரும் ஃபோல்ட் செய்யாத மேசையில் வலுவான சீட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் வேகஸில் 1 டாலர், 3 டாலர் பிளைண்ட் (சீட்டு பகிருமுன் இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) வைத்து நோ லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆடும் மேசைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. கையில் வரும் இரண்டு சீட்டுகளும் ஏஸாக அமையும் ஏஸ் ஜோடி வந்தும் பயனில்லை, யாரும் ஃபோல்ட் செய்வதில்லை (சீட்டைக் கைவிட்டு விலகுவதில்லை), ஏதோ ஒரு 9-4 வைத்திருந்தவர் கடைசிச் சீட்டில் இரண்டு ஜோடி சேர்த்துப் பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை) அள்ளிக்கொண்டு போகிறார் என்பதே அது. சொல்லப்படும் நிகழ்வு உண்மைதான் என்றாலும், அதிலிருந்து பலர் எடுக்கும் முடிவு தவறானது. 'லூஸ்' என்று அழைக்கப்படும் ஆட்டக்காரர் செய்கிற பிழை, தகுதியில்லாத கைகளுக்கு (சீட்டுச் சேர்க்கைகளுக்கு) தொடர்ந்து பணம் கட்டுவது. அவர் கட்ட முன்வரும் பணத்தைச் சரியான நேரத்தில் கேட்டு வாங்காமல் விடுவதுதான் நம் பக்கத்தில் நிகழும் முதன்மையான பிழை. இங்கே விளக்கப்படும் தவறுகளில் பல இதிலிருந்து கிளைப்பவையே.

முதலில் ஒரு தவறான அச்சத்தைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். எந்தச் சீட்டு வந்தாலும் ஆடும் ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி ஏறத்தாழ 85 விழுக்காடு வெல்லும். அப்படிப்பட்டவர்கள் இருவரானால் 73 விழுக்காடு, நால்வரானால் 56 விழுக்காடு. இந்தச் சரிவைப் பார்த்ததும், பலர் கால் செய்தால் (கேட்ட தொகையைக் கட்டித் தொடர்ந்தால்) ஏஸ் ஜோடியின் மதிப்பே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். 25 டாலருக்கு ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) ஒருவர் மட்டும் கால் செய்தால், பாட்டில் இருக்கும் 50 டாலரில் நம் பங்கு சுமார் 42.50, அதாவது 17.50 டாலர் ஆதாயம். அதே 25 டாலருக்கு நால்வர் கால் செய்தால், 125 டாலரில் நம் பங்கு ஏறத்தாழ 70 ஆகி, ஆதாயம் 45 டாலராக உயர்கிறது. பிளைண்டுகளையும் ஃப்ளாப்புக்கு, அதாவது மேசையில் முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு, பிந்தைய பந்தயங்களையும் சேர்க்காத எளிய கணக்குதான் இது. ஆயினும் ஆட்டத்தின் போக்கைச் சரியாகக் காட்டுகிறது. நூற்றுக்கு நாற்பத்து நான்கு முறை தோற்கும் கை, ஒருமுறை தோற்கையில் மனத்தை உறுத்தினாலும், நீண்ட காலத்தில் ஒருவரை மட்டும் எதிர்கொள்ளும் கையைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறது.

ஆகவே கேள்வி, எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதைவிட, என்ன விலை கொடுத்து வருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. நால்வர் 8 டாலருக்கே உள்ளே வந்தால் அதே 56 விழுக்காட்டுக் கை 14 டாலர் மட்டுமே ஈட்டும். இணையத்தில் ஆடிப் பழகியவர்கள் அங்குள்ள வழக்கப்படி பெரிய பிளைண்டைப் போல இரண்டரை அல்லது மூன்று மடங்குக்கு ரெய்ஸ் செய்துவிட்டு, இந்த மேசையில் ஐந்து பேர் பின்தொடர்வதைக் கண்டு திகைக்கிறார்கள். முன்னால் மூவர் லிம்ப் செய்திருக்கையில் (உயர்த்தாமல் பெரிய பிளைண்டின் அளவை மட்டும் கட்டியிருக்கையில்) 9 டாலர் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. 20 டாலருக்கும், 25 டாலருக்கும் கால் செய்யத் தயங்காதவர்கள் அமர்ந்திருக்கும் மேசையில் அந்தத் தொகையைக் கேட்பதே முறை. மேசைக்கு மேசை இந்த அளவு மாறும். முதல் அரை மணி நேரம் மற்றவர்களின் ரெய்ஸுக்கு எத்தனை பேர் கால் செய்கிறார்கள் என்று கவனித்தாலே அது பிடிபடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இரண்டு முறை ஏஸ் ஜோடி உடைபட்டவர், மூன்றாம் முறை யாரும் கால் செய்ய முடியாதபடி முழுத் தொகையையும் தள்ளி, பிளைண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதி அடைகிறார். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒரு நேரடி மேசையில் மணிக்கு முப்பது கைகள் பகிரப்படும் என்று கொண்டால், ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த கை அது. அதை நான்கைந்து டாலருக்கு விற்றுவிடுவது, தோற்பதைவிடப் பெரிய இழப்பு என்பதே என் கருத்து.

வலுவான கையை மறைத்து ஆடுவது, அதாவது ஸ்லோ பிளே, இந்த மேசைகளில் நான் காணும் தவறுகளிலேயே மிகவும் பரவலானது. எதிராளி நம்மைக் கவனித்து, நம் பந்தயத்தின் பொருளைச் சிந்தித்து ஃபோல்ட் செய்யக் கூடியவராக இருந்தால்தான் மறைப்பதற்குப் பொருள் உண்டு. தன் கையில் இருக்கும் ஒரு ஜோடியை மட்டுமே பார்த்துக்கொண்டு கால் செய்பவரிடம் எதை மறைப்பது? ஒரு சுற்றில் செக் செய்து (பந்தயம் வைக்காமல்) விட்டுவிட்டால் அந்தச் சுற்றின் பணம் போனதோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த சுற்றுகளில் வைக்கக்கூடிய பந்தயமும் பாட்டின் அளவைப் பொறுத்தே அமைவதால், முடிவில் எதிராளியின் முன்னால் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி உள்ளே வராமலே போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பார்ப்போம். எல்லாரிடமும் 300 டாலர் இருக்கிறது. நாம் ஏஸ் ஜோடியோடு 25 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறோம். இருவர் கால் செய்ய, பாட் 75 டாலர். ஃப்ளாப்பில் ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் 7, கிளாவர் 2 விழுகின்றன. இரண்டு ஆர்ட்டின் சீட்டுகளோடு ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) காத்திருப்பவர் பார்க்காத 47 சீட்டுகளில் 9 சீட்டுகள் அவருக்கு உதவும். ஆக, அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் சேரும் வாய்ப்பு 19 விழுக்காடு. நாம் 25 டாலர் மட்டும் வைத்தால், அவர் 25 கட்டி 100 டாலரை வெல்லப் பார்க்கிறார். ஒன்றுக்கு நான்கு என்னும் இந்த விகிதம் அவருக்கு ஏறத்தாழ நட்டமில்லாத விலை. ஃப்ளஷ் சேர்ந்த பின் நம்மிடமிருந்து கிடைக்கக் கூடியதையும் சேர்த்தால் ஆதாயமான விலை. அதே இடத்தில் 60 டாலர் வைத்தால், கால் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுற்றின் கணக்கில் மட்டும் அவர் சராசரியாக 22 டாலருக்குச் சற்று மேல் இழக்கிறார். அவர் எப்படியும் கால் செய்யப் போகிறார் என்பது தெரிந்திருக்கும்போது சிறிய தொகையை வைப்பதற்குக் காரணமே இல்லை. ஃப்ளஷ் விழுந்த பிறகும் விடாமல் பணம் கட்டினால் இந்த ஆதாயம் முழுவதும் அவரிடமே திரும்பிப் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

60 டாலருக்கு ஒருவர் மட்டும் கால் செய்கிறார் என்று கொள்வோம். பாட் 195 ஆகிறது. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) இஸ்பேடு 4, நாம் 100 டாலர் வைக்க, அவர் மீண்டும் கால் செய்கிறார். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) டைமன் 9 விழுகிறது. அவர் செக் செய்கிறார். பாட்டில் 395, நம் முன்னால் 115 டாலர் மீதம். ஏதாவது இரண்டு ஜோடி சேர்ந்திருக்குமோ என்று அஞ்சி இங்கே செக் செய்துவிட்டுச் சீட்டைத் திறப்பவர்கள் ஏராளம். கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு விதி தெளிவானது: எதிராளி கால் செய்யக்கூடிய கைகளில் பாதிக்கு மேற்பட்டவை நம்மைவிடத் தாழ்ந்தவையாக இருந்தால் பந்தயம் ஆதாயமே. கிங்-8, கிங்-ஜாக், 7 ஜோடி, இப்போது சேர்ந்த 9 ஜோடி என்று நமக்குத் தோற்கும் கைகளோடு கால் செய்பவருக்கு எதிராக அந்த 115 டாலரும் உள்ளே போக வேண்டும்.

ஏஸ்-கிங் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃப்ளாப்பில் அதற்கு ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறைதான். சேராதபோது, மூன்று பேர் காத்திருக்கும் பாட்டில் பிளஃப் செய்வது (வலுவான கை இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் வைப்பது), யாரும் ஃபோல்ட் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தே அவர்களை ஃபோல்ட் செய்யச் சொல்வதாகும். செக் செய்துவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்கலாம்.

இதுவரை சொன்னதற்கு ஒரு முக்கியமான எல்லை உண்டு. நன்றாக ஆடுபவர்களும் பணத்தை இழக்கும் இடம் அதுதான். எல்லாவற்றுக்கும் கால் செய்பவர் எல்லாவற்றுக்கும் ரெய்ஸ் செய்வதில்லை. இரண்டு மணி நேரமாக செக், கால் என்று மட்டுமே ஆடிவந்த காலிங் ஸ்டேஷன் ஒருவர், டர்னில் நம் 100 டாலருக்கு எதிராகத் திடீரென 200 டாலருக்கு ரெய்ஸ் செய்தால், அவரிடம் ஒரு ஜோடியை வெல்லும் கை இருப்பதாகவே கொள்ள வேண்டும். "இவர் எதை வேண்டுமானாலும் வைத்திருப்பார்" என்று சொல்லி ஏஸ் ஜோடியோடு மீதியையும் கட்டுவது, அவருடைய கால் செய்யும் பழக்கத்தையும் ரெய்ஸ் செய்யும் பழக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விளையும் தவறு. ஃப்ளாப்பைப் பார்க்கும் வரை மிக உயர்ந்ததாக இருந்த கையும் அதன்பின் வெறும் ஒரு ஜோடிதான்.

மேனியாக் எனப்படும் ஆட்டக்காரர், அதாவது கிடைத்த கைக்கெல்லாம் ரெய்ஸ் செய்பவர், வேறு வகை. அவரே பணத்தை உள்ளே கொண்டுவருகிறார் என்பதால், ஃப்ளாப்புக்குப் பிறகு நாம் அவசரப்பட்டு ரெய்ஸ் செய்து அவருடைய பிளஃப்பை நிறுத்திவிடுவதே அங்கு பெரிய தவறு. இவருக்கு எதிராக மட்டும் கால் செய்து காத்திருப்பது பொருத்தமான ஆட்டம். ஃப்ளாப்புக்கு முன் மறுபடியும் ரெய்ஸ் செய்து மற்றவர்களை விலக்கி அவரைத் தனியாக எதிர்கொள்வதும், அவருக்கு இடப்புற இருக்கை காலியானால் அங்கே மாறி அமர்ந்து அவர் ஆடிய பிறகு ஆடுவதும் நல்ல பலன் தரும்.

கை உடைபட்டபின், "அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எப்படி கால் செய்தீர்கள்?" என்று கேட்டு எதிராளிக்குப் பாடம் நடத்துவதும் பணத்தைக் குறைக்கும் தவறுதான். நொந்துபோனவர் எழுந்து செல்வார், அல்லது அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார். இரண்டுமே நமக்கு நட்டம்.

முன்னால் வைத்திருக்கும் தொகையைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் லூஸ் ஆட்டக்காரரிடம் 500 டாலர் இருக்கும்போது நம்மிடம் 80 டாலர் மட்டுமே மீந்திருந்தால், எத்தனை சிறந்த கை வந்தாலும் அவரிடமிருந்து 80 டாலருக்கு மேல் வெல்ல முடியாது. கை நடந்துகொண்டிருக்கும்போது பணம் சேர்ப்பதை மேசை விதி அனுமதிப்பதில்லை. எனவே, ஆட்டத்துக்கென்று தனியே ஒதுக்கிய பணம் இருக்குமானால், ஒரு கை முடிந்து அடுத்தது பகிரப்படுவதற்கு முன்பே அந்த மேசையில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்படி ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டால், எதிரே எத்தனை லூஸ் ஆட்டக்காரர்கள் அமர்ந்திருந்தாலும், எழுந்துவிட வேண்டும்.