டிவிடி ரைட்டர் திடீரென மந்தமானபோது

என் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 7 நிமிடத்தில் டிவிடி எழுதி முடிக்கும் ரைட்டர், ஒரு நாள் அரை மணி நேரம் இழுத்தது. எழுதும்போது மவுஸ்கூடத் திக்கித் திக்கி நகர்ந்தது. வேறு டிஸ்க் போட்டேன், லென்ஸைத் துடைத்தேன். மூன்று டிஸ்க் வீணானதுதான் மிச்சம்.

மவுஸ் திக்கியதுதான் உண்மையான துப்பு. டிவைஸ் மேனேஜரில், ரைட்டர் இணைந்திருக்கும் செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்தால், டிஎம்ஏ (பிராசஸரைச் சுமக்க விடாமல் மெமரிக்கும் டிரைவுக்கும் இடையே தரவு நேராகப் போகும் முறை) இருக்க வேண்டிய இடத்தில், மெதுவான பழைய முறையான பிஐஓ மோட் என்று இருந்தது. கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்கும்போது பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால், எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். அதன்பின் தானாக மேலே ஏறாது. பிஐஓவில் தரவு முழுவதையும் பிராசஸரே சுமக்க வேண்டும்; மவுஸ் திக்கியது அதனால்தான். உச்ச வேகமே நொடிக்கு 16.6 எம்பிதான். 16எக்ஸ் வேகத்தில் டிவிடி எழுதவோ நொடிக்குச் சுமார் 22 எம்பி தேவை. எழுதக் காத்திருக்கும் தரவைத் தேக்கி வைக்கும் பஃபர் காலியாகத்தான் செய்யும்.

சரி என்று அந்த சேனலை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து, அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 என்று காட்டியது. அப்புறம் ரைட்டரை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிளையும் மாற்றினேன். அது பழுதானாலும் இதே பிழைகள் வரும். அடுத்த டிஸ்க் 7 நிமிடத்தில் முடிந்தது.