ஹவுசிங் ஜூரிக்கு நிற்கப் போகிறவர்களுக்கு

கட்டடக்கலைப் படிப்பில் நான்காம் ஆண்டு ஹவுசிங் ஸ்டூடியோ (குடியிருப்பு வடிவமைக்கும் பாடம்) ஆரம்பித்ததும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, ரெண்டர் எதுல பண்ணீங்க?" கட்டடத்தை நிஜம்போலக் காட்டும் கணினிப் படத்தைத்தான் கேட்கிறார்கள். லூமியன் என்ற மென்பொருளில். சரி, அதை அதோடு விட்டுவிடுவோம். என் ஜூரியில், அதாவது ஜூரர்கள் நம் ஷீட்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மதிப்பீட்டில், ரெண்டர் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை. எல்லாரும் கூடி நின்றது 1:50 அளவில் வரைந்த ஒரு வீட்டின் பிளான், செக்‌ஷன் (வீட்டை நெட்டாக வெட்டிக் காட்டும் வரைபடம்) முன்னால்தான். அந்த ஷீட்டை எப்படித் தயார் செய்வது, அதன் முன் நின்று எப்படிப் பேசுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்தது காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களுக்கான குடியிருப்பு. மனை 1.2 ஹெக்டேர், தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும்.

பேச்சை சைட்டின் அட்சரேகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வெப்ப ஈரக் காலநிலை, காற்று தென்கிழக்கிலிருந்து, பக்கத்தில் பேருந்து நிலையம்... இதையெல்லாம் காலையிலிருந்து கேட்டு ஜூரர்கள் களைத்திருப்பார்கள். ஒரு குடும்பத்தை உள்ளே விடுங்கள். "கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. தறி இங்கே, குழிக்குள் கால் வைத்து உட்கார்பவருக்கு இந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம். கோர்வை (கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு இணைப்பது) போடும்போது கரை நாடாவை வீச இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்காக அறையை இவ்வளவு அகலப்படுத்தினேன்." இப்படி ஒரு வீட்டைச் சொல்லி முடித்து, அதிலிருந்து கிளஸ்டர் (சில வீடுகள் சேர்ந்த தொகுதி), கிளஸ்டரிலிருந்து சைட் பிளான் என்று வெளியே வாருங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்து, வீட்டுக்கு வந்து சேரும்போது நேரம் முடிந்துவிடும்.

செக்‌ஷனை தறி அறையின் நடுவே வெட்டுங்கள், படிக்கட்டில் வெட்டித் தப்பிக்க வேண்டாம். அறை உயரத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 2.75 மீட்டர். தறிக்கு மேல் ஜக்கார்டு (டிசைன் நெய்ய உதவும் கருவி) ஏற வேண்டுமென்றால் அது போதாது. இதை நாம் சொல்வதற்கு முன்பே கோடு காட்டிவிட வேண்டும். வெட்டுப்பட்ட சுவர் தடித்த கோடு, பின்னால் தெரிவது மெல்லிய கோடு. ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் பிரிந்து தெரிகிறதா என்று ஷீட்டை மாட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கு எல்லா ஷீட்டிலும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

இனி கேள்விகள். வெளியிலிருந்து வந்திருந்த மேடம் பிளானைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குழித்தறிக்குத் தரையில குழி வேணும். மாடியில இருக்கிற குடும்பம் எங்கே நெய்யும்?" பதில் தயாராக வைத்திருந்தேன். மாடி வீட்டுக்காரர்களின் தறிகளைத் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி வரிசையாக வைத்திருந்தேன். அவர் விடவில்லை. "அந்த அம்மா அடுப்பில உலை வெச்சுட்டு நாலு இழை ஓட்டுவாங்க. உங்க பிளான்ல ரெண்டு மாடி இறங்கணுமே?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. "அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை மேடம்" என்று சொல்லி, பட்டர் ஷீட்டையும் (பிளான் மேல் வைத்து வரையும் மெல்லிய தாள்) பென்சிலையும் அவர் கையில் கொடுத்தேன். இரண்டையும் எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள். பென்சில் கையில் வந்துவிட்டால் ஜூரர் திட்டுவதை நிறுத்திவிட்டு வரைய ஆரம்பித்துவிடுவார்! அவர் வரைந்தது, கீழே தறி, அதன் மேலேயே அதே குடும்பத்தின் அடுப்படி, நடுவில் தனிப் படி என்று நெட்டாக அடுக்கிய வீடு. வீடுகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் விடை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்து ஸ்கேலை எடுத்து என் தெருவின் மேல் வைத்தார். பாவு (சேலையின் நீளவாட்டு இழைகள்) எங்கே விரிப்பார்கள்? பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவோடு தெருவாகப் பாவை இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருந்ததால், தெரு வளைவதற்கு முன் 24 மீட்டர் நேராக விட்டிருந்தேன். மூன்று சேலைக்குச் சேர்த்துப் பாவு போட்டால் 18 மீட்டராவது வேண்டும். கள ஆய்வில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள், டேப் பிடித்து அளந்துவிட்டு வாருங்கள். ஜூரியில் கைகொடுப்பது அந்த எண்கள்தான்.

விதிகளை ஒரு ஷீட்டின் மூலையில் சின்ன அட்டவணையாகப் போட்டால் போதும்: தளப் பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது), வீடுகளின் எண்ணிக்கை, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் பயன்படும் தரைப் பரப்பு), பார்க்கிங். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில், உயர்மாடி அல்லாத கட்டடத்துக்குப் பொதுவான குறியீடு 2, உயர வரம்பு 18.30 மீட்டர். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். மூலையில் மிஞ்சிய முக்கோணத்துக்குப் பச்சை அடித்து அதுதான் திறந்தவெளி என்று காட்டுவது எல்லா பேட்ச்சிலும் நடக்கும். எல்லா பேட்ச்சிலும் மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

கேஸ் ஸ்டடிக்கு எல்லாரும் போடுவது கட்டடக்கலைஞர்கள் சார்லஸ் கொரியாவின் நவி மும்பை பேலாப்பூர் குடியிருப்பு, தோஷியின் இந்தூர் ஆரண்யா குடியிருப்பு. போடுங்கள், தப்பில்லை. வரலாற்றை எழுதி நிரப்ப வேண்டாம். பேலாப்பூரில் ஏழு வீடுகள் சுற்றி நிற்கும் முற்றம் ஏறத்தாழ எட்டுக்கு எட்டு மீட்டர். அதை உங்கள் முற்றத்தின் பக்கத்திலேயே அதே அளவில் வரைந்து காட்டினால், பேச வேண்டிய அவசியமே இருக்காது.

ஜூரர் பேசும்போது நீங்கள் குறிப்பெடுக்காதீர்கள், முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஒரு நண்பனை உட்காரவைத்து, யார் எந்த ஷீட்டைக் காட்டி என்ன சொன்னார் என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஜூரர்கள் இருவர் தங்களுக்குள் விவாதிக்க ஆரம்பித்தால் குறுக்கே போகவே கூடாது. உங்கள் டிசைனுக்கு இலவசமாக இரண்டு வழி கிடைக்கிறது.

ஷீட்களின் பிளாட்டை (பெரிய அளவு அச்சு) முந்தின நாள் மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள். மாலையில் பிளாட்டர் கடையில் மொத்த வகுப்பும் நிற்கும். 1:50 மாடலில் கூரையை ஒட்டாமல் கழற்றும்படி வையுங்கள், எல்லாரும் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள்.

முடிந்ததும் அன்றே பிளானைத் திருத்த உட்கார வேண்டாம், தூங்குங்கள். மறுநாள் நண்பனின் குறிப்பை எடுத்து, வீட்டை மாற்றச் சொன்னவை, ஷீட்டை மாற்றச் சொன்னவை என்று பிரியுங்கள். இரண்டாவது வகை ஒரு மாலை வேலை. முதல் வகையில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜூரர் தொட்ட இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஜூரர் வரைந்த பட்டர் ஷீட்டைத் தேதி போட்டு ஸ்கேன் செய்து வையுங்கள், போர்ட்ஃபோலியோவில் திருத்தத்துக்கு முன், பின் என்று காட்ட அது தேவைப்படும்.