பந்துக்கு முன்னால் ஒரு காய்ந்த இலை

கோல்ஃபில் கிளப்பை, அதாவது பந்தடிக்கும் மட்டையை, ஓங்கிப் பந்தைத் தொடும் வரை ஏறக்குறைய ஒரு நொடிதான். அதற்குள் முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக யோசித்தால் உடம்பு குழம்பிவிடும். பழகியதைக் கை தானாகச் செய்யட்டும். மனதுக்கு வேறு ஒரு சின்ன வேலை கொடுங்கள்.

கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸின் வழக்கம் இது. பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பார். பிறகு அதே கோட்டில், பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு இலையையோ நிறம் மாறிய புல்லையோ குறித்துக்கொள்வார். கிளப்பின் முகத்தை அதற்கு நேராக வைப்பார். 150 கஜம் தள்ளி, துளையில் நின்று ஆடும் கொடியை விட, காலடியில் கிடக்கும் இலை மனதை எவ்வளவு எளிதாகப் பிடித்து வைக்கிறது! நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

பட்டிங்குக்கு, அதாவது பந்தைத் துளைக்குள் மெதுவாக உருட்டிவிடும் அடிக்கு, கண்தான் முக்கியம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். பந்தின் ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நொடி பார்வையை நிறுத்துங்கள். அடித்த பிறகும் அரை நொடி, பந்து இருந்த இடத்திலேயே கண் இருக்கட்டும். துளையை எட்டிப் பார்க்கும் அவசரம் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சரி, நடுவில் 'தண்ணீரில் விழுந்துவிடுமோ' என்று தோன்றினால்? அப்படியே அடிக்காதீர்கள். ஒரு அடி பின்வாங்கி, மூச்சை மெதுவாக விட்டு, இலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு அடிக்கும் விதிகள் பரிந்துரைக்கும் 40 நொடிக்குள் இதற்கு நேரம் இருக்கிறது.